கண்ணாடித் தொட்டியும் கொட்டியார்க்குடாப் பாசியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்குக் கடல் என்பது வீட்டின் முன் முற்றம் போன்றது. காலையில் எழுந்தால் கடல். மாலையில் காற்று வாங்கப் போனால் கடல். அவ்வாறிருந்தும், அக்கடலின் ஒரு துளியை வீட்டுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டியொன்றில் அடைத்து வைத்து, அதனுள் கோமாளி மீனும் வண்ணாத்தி மீனும் நீந்துவதைக் கண்டு மகிழ வேண்டுமென்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. இவ்வாசை இன்று நேற்று முளைத்ததன்று. 1956இல் ஆர்தர் சி. கிளார்க் சுவாமிமலையடியில் மூழ்கிப் பார்த்த காலந்தொட்டே இப்பகுதிக் கடலடியின் அழகு உலகறிந்ததாயிற்று. அலங்கார மீன்களைப் பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலும், றொட்னி ஜொங்க்ளாஸ் போன்ற முன்னோடிகளின் முயற்சியால், இந்நாட்டில் வேரூன்றியது.

ஆனால் நன்னீர்த் தொட்டி வேறு, உப்புநீர்த் தொட்டி வேறு. பொன்மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல்மீனைக் கொணர்ந்து விட்டு, மூன்று மாதங்கள் கழியுமுன் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவதை நாம் பல வீடுகளிற் காண்கிறோம். "அம்மா, தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, பிறகேன் மீன் செத்தது?" என்று குழந்தை கேட்டால் தாய்க்கு விடை தெரிவதில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பது தண்ணீர் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது என்பதே விடை. கண்ணுக்குத் தெரியாத கரைசல்கள் அதில் நாள்தோறும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் நீங்காமல் தங்கிப் பெருகுவது நைத்திரேற்று என்னும் உப்பு.

இது எங்கிருந்து வருகிறது? நாம் இடும் உணவிலிருந்துதான். மீனுணவில் புரதம் மிகுதி. புரதத்தில் நைதரசன் உண்டு. மீன் தின்று செரித்தபின் அந்த நைதரசனின் பெரும்பகுதியை அமோனியாவாகப் பூக்கள் வழியே வெளியேற்றுகிறது. அமோனியா கொடிய நஞ்சு. நல்லவேளையாக, மணலிலும் கல்லிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறு வகையின அதனை நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. செர்கெய் வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் 1890ஆம் ஆண்டையொட்டி இந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நைத்திரேற்று அமோனியாவைப்போல் உடனே கொல்வதன்று. ஆயினும் மூடிய தொட்டியில் அது போக வழியின்றி ஏறிக்கொண்டே போகும். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பின்னமே இருக்கும் இவ்வுப்பு, கவனிப்பற்ற வீட்டுத் தொட்டியில் 50, 100 மில்லிகிராம் என்று உயர்வது வழக்கம். மீன்கள் பல இதனை ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். கடலனிமனியும் இறாலினங்களும் அவ்வளவு பொறுக்கமாட்டா. கண்ணாடியிற் பழுப்புப் படலமும், கற்களில் மயிர்போன்ற பச்சைப் பாசியும் படர்வது இதற்கு முன்னறிவிப்பு.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது நலம். கணக்கென்றதும் இல்லத்தரசிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது வீட்டுச் செலவுக் கணக்கைவிட எளிது. 200 லீற்றர் நீர் கொள்ளும் ஒரு தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு கிராம் உலர்ந்த உணவு இடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வுணவில் நூற்றுக்கு 45 பங்கு புரதமாயின், அதிலுள்ள நைதரசன் 72 மில்லிகிராம். மீன் வளர்ச்சிக்கென ஒரு பங்கை வைத்துக்கொண்டு நூற்றுக்கு எழுபதை வெளியேற்றினால், ஏறக்குறைய 50 மில்லிகிராம் நைதரசன் நீரிற் சேரும். அது நைத்திரேற்றாக மாறும்போது 220 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகும். அதாவது லீற்றருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். மாதமொன்றில் 33 அளவில்.

வாரந்தோறும் ஐந்திலொரு பங்கு நீரை மாற்றினாற் போதாதா என்று கேட்கலாம். 40 லீற்றரை வாளி வாளியாக இறைத்துப் புதுநீர் விட்டாலும், அந்த வாரத்தில் ஏறும் எட்டு மில்லிகிராமும் நீக்கும் ஐந்திலொரு பங்கும் சமமாகும் இடம் 40 மில்லிகிராமில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே அது ஒருபோதும் நிலையாக இறங்காது. நீர் மாற்றுவது வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது மட்டும் போதாதென்றே சொல்கிறோம்.

பின் என் செய்வது? கடல் செய்வதையே நாமும் செய்யவேண்டியதுதான். கடலில் நைதரசனை உண்டு வளர்வன பாசிகளும் கடற்புற்களும். இவ்வுண்மையை முதலில் வீட்டுக்குள் பரிசோதித்தவர்களுள் ஒருவர் பெண்மணி என்பதைச் சொல்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. ஆனா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி 1846இல் டோர்க்கிக் கடற்கரையில் எடுத்த பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து சாடியில் வைத்தார். கடல்நீர் கெடாமலிருக்க வேலைக்காரப் பெண்ணொருத்தி திறந்த சன்னலின் முன் நின்று நாள்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு கடற்பாசியையும் சாடியிலிட்டார் சீமாட்டி. பவளங்கள் மூன்றாண்டுக் காலம் உயிர்வாழ்ந்தன. அந்த வேலைக்காரப் பெண்ணின் கைவலியைப்பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை. 1850ஐ அடுத்த ஆண்டுகளில் றொபேட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் முதலில் நன்னீரிலும் பின்னர் கடல்நீரிலும் செடியும் உயிரும் ஒன்றையொன்று தாங்குமாறு தொட்டியமைத்தார். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் குடியேறிய பவளக் கல்லும் பாசியும் சிறு காற்றுக் குமிழிகளும் கொண்டே கடல்மீன் வளர்க்கும் முறையை அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் விளக்கினார். 1980களில் வோல்ட்டர் ஏடி என்னும் அமெரிக்க அறிஞர் வலைத்தட்டில் பாசி வளர்த்து, அதைச் சுரண்டியெடுப்பதன் மூலமே பெருந்தொட்டிகளைத் தூய்மை செய்து காட்டினார்.

சுரண்டியெடுப்பது என்று சொன்னோமே, அதிலேதான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. பாசி நைத்திரேற்றை அழிப்பதில்லை. தன் உடம்பாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அதனை அறுத்து வெளியே எடுத்தாலன்றித் தொட்டியை விட்டு ஒன்றும் நீங்குவதில்லை. அழுக விட்டாலோ, வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்ததுபோல் எல்லாம் நீருக்கே வந்துவிடும்.

இனி, எதனை நடுவது? நன்னீரில் வளரும் வேலம்பாசியைக் கடல்நீரிலிட்டால் விரைவில் அழுகிவிடும். சாதாழை என்று நம்மவர் கூட்டிச் சொல்லும் கடற்புல் வகைகள் உண்மையான வேருள்ள செடிகள். அவற்றிற்கு ஆழ்ந்த சேறும் நிறைந்த ஒளியும் வேண்டும். இடம் மாற்றினால் வாடிவிடுவன. கண்டற் கன்றைத் தொட்டியின் விளிம்பில் நட்டு, இலை மேலே விரிய வளர்ப்போரும் உண்டு. பார்வைக்கு அழகுதான். எனினும் கண்டல் மெல்ல வளர்வது. மாதத்துக்கு ஓரிரு இலை விடும் கன்று எவ்வளவு நைதரசனை இழுத்துவிடும்? அன்றியும் தம்பலகாமக் குடாவிலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் நிற்கும் கண்டற் காடுகள், குடாவின் கரையையும் மீன்குஞ்சுகளையும் காத்து நிற்பவை. 2015இல் நாட்டின் கண்டற் காடுகள் யாவற்றையும் காக்கும் திட்டமொன்று தொடங்கப்பட்டதை வாசகர்கள் அறிந்திருப்பர். வீட்டுத் தொட்டிக்காக அங்கு கன்று பிடுங்கப் போவது முறையன்று.

எஞ்சுவன பாசிகள். தாவரவியலார் இவற்றைத் தாவரமென்று ஒப்புவரோ மாட்டாரோ, நமக்கு அந்த வழக்கு வேண்டாம். இவற்றுள் நம் ஊருக்கே உரியதொன்று உண்டு. கொட்டியார்க்குடாவின் ஆழங்குறைந்த இடங்களில் விளையும் சிராசிலாரியா என்னும் செம்பாசி அது. தமிழ்க் கரையோரங்களில் கஞ்சிப்பாசி என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே 'சிலோன் மொஸ்' என்ற பெயரோடு கப்பலேறிப் பிறநாட்டு மருந்துக் கடைகளுக்குப் போன சரக்கு. இதனைக் காய்ச்சினால் ஏகார் என்னும் கூழ்ப்பொருள் கிடைக்கும். நோன்பு காலத்தில் முஸ்லிம் சகோதரிகள் பாலும் சீனியும் சேர்த்துச் செய்யும் கடற்பாசிப் பண்டத்தை உண்டு பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இலங்கையின் கடற்பாசிகளை முறையாக ஆராய்ந்து 1961இல் நூலாகத் தந்த துரைரத்தினம் என்ற அறிஞரை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறோம்.

சமையற்கட்டிலிருந்த கஞ்சிப்பாசி இன்று உலகெங்கும் மீன்தொட்டிக்காரரின் தோழனாகிவிட்டது. விரைவில் வளரும், கையால் கிள்ளலாம், நஞ்சு கக்காது. இவற்றினும் மேலான குணமொன்று உண்டு. நைதரசன் நிறைய உண்டபோது இதன் நிறம் கருஞ்சிவப்பாக இருக்கும். நைதரசன் குறைந்தால், தன் செந்நிறப் பொருளில் சேமித்து வைத்ததையே எடுத்துத் தின்று, வைக்கோல் நிறமாக வெளுத்துவிடும். பாசியின் நிறத்தைப் பார்த்தே நீரின் நிலையை மட்டிடலாம். வீட்டுக்கு ஓர் இலவசச் சோதனைக் கருவி! எனினும் கடைகளிற் கிடைக்கும் நைத்திரேற்றுச் சோதனைக் குப்பியொன்றையும் வாங்கி வைப்பது நல்லது; நிறம் வெளுப்பதற்கு இரும்புக் குறைவும் மிகை ஒளியும் காரணமாகலாம்.

இதற்கும் கணக்குண்டு. நூறு கிராம் ஈரப்பாசியில் உலர்ந்த பொருள் பத்துக் கிராம் அளவில் இருக்கும். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு நைதரசன் என்று கொண்டால் 300 மில்லிகிராம். முன்சொன்ன தொட்டியில் மாதந்தோறும் சேரும் நைதரசன் 1500 மில்லிகிராம் அல்லவா? அதனை முழுதும் ஈடுசெய்ய மாதம் அரைக் கிலோ, அதாவது வாரம் 125 கிராம் ஈரப்பாசியை அறுத்தெடுக்கவேண்டும். ஒரு கைப்பிடிப் பாசியைத் தொட்டியின் மூலையில் போட்டுவிட்டு அற்புதத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். நீர் மாற்றுதலும் சேர்ந்து நடந்தால் இதிற் சற்றுக் குறைந்த அளவே போதுமானது. உணவைக் குறைப்பது எல்லாவற்றிலும் மலிவான வழி. ஆனால் வீட்டிற் குழந்தைகள் இருக்குமிடத்து அது எளிதன்று.

கஞ்சிப்பாசியை மீன்களோடு ஒரே தொட்டியில் இடலாகாது. ஓரா மீன் போன்ற பாசிதின்னிகள் ஒரே பகலில் மொட்டையடித்துவிடும். ஆகவே 20, 30 லீற்றர் கொள்ளும் சிறு தொட்டியொன்றைப் பெரிய தொட்டியின் அருகிலோ கீழேயோ வைத்து, சிறு பம்பு ஒன்றால் நீர் இரண்டிற்கும் இடையே மெல்லச் சுற்றிவரச் செய்யவேண்டும். பாசி ஓரிடத்திற் படிந்து கிடவாமல் நீரோட்டத்திற் புரண்டுகொண்டிருத்தல் அவசியம். படிந்து கிடந்தால் அடிப்பாகம் ஒளியின்றி அழுகும். மேலே எல்.ஈ.டி. விளக்கொன்று, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம். இவ்விளக்கை இரவில் எரிய விடுவது அறிந்தோர் வழக்கம். பெரிய தொட்டி இருண்டு கிடக்கும்போது அங்கே ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு மிகும். சிறு தொட்டியில் விழித்திருக்கும் பாசி அந்தக் காபனீரொட்சைட்டை உண்டு ஒட்சிசனைக் கொடுக்கும். பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று கப்பற் காவல் முறைபோல.

2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வேளையில் பாசியும் மூச்செடுக்கும் உயிரே. இருளில் அது ஒட்சிசனைத் தருவதற்குப் பதில் எடுத்துக்கொள்ளும். மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டி ஒன்று வீட்டில் இருந்தாற் கவலையில்லை. இல்லாதோர் ஆனா தைன் சீமாட்டியின் வீட்டு முறையைக் கையாளலாம். கைவலிக்கு நாம் பொறுப்பல்ல.

கஞ்சிப்பாசி கிடைக்காதவர்கள் கீற்றோமோர்பா என்னும் பச்சைப்பாசியைத் தேடலாம். சிக்கலான நூற்கண்டு போன்றது, எதிலும் ஒட்டாதது, மிகவும் அடக்கமானது. ஆனால் கௌலேர்ப்பா என்னும் இனத்தை, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், நாம் பரிந்துரைக்கமாட்டோம். கொடியோடி இலைவிட்டுத் திராட்சைக் குலைபோலவும் இறகுபோலவும் தோன்றும் இப்பாசி, முழுச் செடியும் ஒரே உயிரணுவாலானது. இனப்பெருக்க வேளை வந்ததும் உள்ளிருப்பதையெல்லாம் ஒரே இரவில் நீரிற் கக்கிவிட்டு வெறுந்தோலாய் நிற்கும். காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி பால்போல் வெளுத்திருக்கும். மாதக்கணக்கில் சேர்த்துவைத்த நைதரசன் யாவும் திரும்ப நீரில்.

அதனினும் பெரிய கதையும் உண்டு. இவ்வினத்துள் கௌலேர்ப்பா டக்ஸிபோலியா என்பது 1984இல் மொனாக்கோ நகர்க் கடலுயிர்க் காட்சிச்சாலையின் அருகே கடலில் ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டது. தொட்டியிலிருந்து தப்பியதென்று கருதப்படும் அச்சிறு திட்டு பின்னர் மத்தியதரைக் கடலின் பல கரைகளிற் பரவி, அங்கிருந்த கடற்புல் வெளிகளை மூடிற்று. 2000ஆம் ஆண்டில் அதுவே கலிபோர்னியாவிலும் தோன்ற, அங்குள்ளோர் தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி, ஆறாண்டுகள் போராடி ஒழித்தார்கள். கொட்டியார்க்குடாவின் கடற்புல் வெளிக்கும் இத்தகைய கதி நேரலாகாதன்றோ? கடையில் வாங்கிய பாசியையோ, தொட்டியின் கழிவு நீரையோ, வேண்டாத மீனையோ துறைமுகத்திற் கொட்டுதல் கூடவே கூடாது. ஒரு வாளிதானே என்று எண்ணுபவர்கள் மொனாக்கோவை நினைத்துக்கொள்ளட்டும்.

கடலிலிருந்து எடுப்பதிலும் எல்லையுண்டு. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய வனமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து சிப்பியோடும் எடுக்கலாகாது. பவளக் கல்லை உடைத்தெடுப்பது நாட்டின் எப்பகுதியிலும் சட்டவிரோதம். வீட்டில் ஒரு வண்ணாத்தி மீன் இறந்தால், அதற்கு ஈடாக மற்றொன்று பவளப்பாறையிலிருந்து பிடிபடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், தொட்டி நீரைக் கவனிப்பது வெறும் பொழுதுபோக்கு விஷயமன்று என்று தெரியும். கரையொதுங்கிய பாசியிலும், மீனவர் வலையிற் சிக்கி வந்த பாசியிலும் பசுமை மாறாத ஒரு கைப்பிடியைக் கேட்டு வாங்கினால் தொடக்கத்துக்குப் போதும். அதனைக் கடல்நீரில் நன்றாக அலசி, உள்ளிருக்கும் சிறு நண்டு நத்தைகளை உதறி, ஒருவாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்தபின் சேர்க்கவேண்டும். நன்னீரில் அலசினால் பாசி வெந்ததுபோலாகிவிடும்.

நீர் எடுக்கும் காலமும் இடமும் முக்கியம். மகாவலி வந்து விழுவது கொட்டியார்க்குடாவில். வாடைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து குடா நீரின் உப்புக் குறையும், கலங்கலும் மிகும். கச்சான் வீசும் மாதங்களில், நிலாவெளிப் பக்கத்துத் திறந்த கடலில், கப்பற்போக்குவரத்தும் வாய்க்காலும் இல்லாத இடத்தில் எடுப்பதே உத்தமம். நீரமானியில் 1.025 அளவு காட்டினால் நல்ல கடல்நீர். தொட்டியில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக உப்பு நீரை விடாமல் நன்னீரையே விடவேண்டும், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. கிணற்று நீரை விடுபவர்கள் அதனை ஒருமுறை சோதித்துப் பார்க்கவும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. பசளையிட்ட தோட்டங்களின் நடுவேயுள்ள யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் அதனை மிஞ்சிய அளவு காணப்பட்டிருக்கிறது. கூரையிலிருந்து முதல் மழை கழுவிப்போனபின் பிடித்த மழைநீர் இதற்கு மிக ஏற்றது.

மீனுக்கு நோய் கண்டபோது செப்பு மருந்திடுவோர் அதனைப் பாசியுள்ள தொட்டியில் இடாமல் வேறு பாத்திரத்தில் மீனை மாற்றி வைத்தே இடவேண்டும். செப்பு பாசியையும் வாட்டும், கடலனிமனியையும் இறாலையும் கொல்லும். இக்காரணம் பற்றியே தொட்டியில் விளைந்த கஞ்சிப்பாசியைக் காய்ச்சி உண்ணலாமா என்று கேட்பவர்களுக்கு வேண்டாமென்கிறோம்.

நைத்திரேற்றை அடியோடு ஒழிக்கவேண்டுமென்ற வைராக்கியமும் வேண்டியதில்லை. லீற்றருக்கு ஐந்து, பத்து மில்லிகிராம் அளவில் நின்றால் மீனும் நலமாயிருக்கும், பாசியும் பட்டினி கிடவாது. பாசி வைக்கோல் நிறமாகத் தொடங்கினால் விளக்கின் நேரத்தைக் குறைத்து, ஒரு வாரம் அறுக்காமல் விடுங்கள். அறுத்தெடுத்த பாசியை அதே தொட்டியின் மீனுக்குக் கொடுத்தால் நைதரசன் வந்த வழியே திரும்பும் என்பதால், வேலியோரத்திற் குவித்து ஓரிரண்டு மழையில் உப்புக் கழுவப்பட விட்டு, தென்னைக்கும் முருங்கைக்கும் அடியில் இடலாம். சாதாழையைப் பசளையாக இட்டுப் பழகிய நம் தோட்டக்காரருக்கு இது புதிதன்று. மழையில்லா மாதமாயின் இரண்டு வாளி கிணற்று நீரால் அலசிப் போடுக.